வச்சிட்டுப் போங்க, அப்புறம் முழுங்கறேன்

மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருவர், "வச்சிட்டுப் போங்க நர்சம்மா, சாப்ட்டுட்டு அப்புறம் முழுங்கறேன்" என்று சொன்னால், அவர் அதை விழுங்கப் போவதில்லை. கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு மருந்து கொடுப்பது பெரிய காரியமே இல்லை. இரண்டு மாத்திரை கொடுத்தால் நான்காகக் கேட்பார். எங்கள் வேலை நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்களோடு. உடம்பில் ஒரு குறையும் இல்லாத மனுஷரிடம், என்றைக்கோ வரக்கூடிய நோய்க்காக இன்றைக்கு, இந்த வெயிலில், என் கண் முன்னால் இதை விழுங்குங்கள் என்று சொல்ல வேண்டும். அவர் சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் வேலைக்கு வந்த சமயம் தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாகியிருந்தது, 1993. கரும்பும் நெல்லும் சவுக்குத் தோப்புமான ஊர்கள். தெருவுக்கு ஒரு யானைக்கால்காரராவது இருப்பார். வேட்டியை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். யானைக்கால் நோயைத் தடுக்க ஊர் முழுக்க டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்களுக்கு வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை ஒரு மாத்திரை, பதினான்கு வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. கர்ப்பிணிக்கும் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கும் கிடையாது. வெறும் வயிற்றில் போடக் கூடாது.

சிக்கல் கடைசி வரியில் இருந்தது. விவசாயக் கூலிக் குடும்பம் வீட்டில் இருப்பது விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும்தான். இரண்டுமே சாப்பாட்டுக்கு முந்திய நேரம். வெறும் வயிற்றில் கூடாது என்று நாங்களே சொல்லிவிட்டு, எல்லோரும் வெறும் வயிற்றோடு இருக்கிற நேரமாகப் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் வச்சிட்டுப் போங்க என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்? மறுநாள் போனால் மாத்திரை சாமி மாடத்தில் இருக்கும், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். மரியாதையாகத்தான் வைத்திருப்பார்கள். எங்கள் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு எதிரே டிக் விழுந்திருக்கும். சுவரிலும் சாக்பீஸால் எழுதியாகிவிட்டது. மேலே போகிற அறிக்கையில் அந்த ஊர் மாத்திரை சாப்பிட்ட ஊர்.

அதனால் வயலுக்குப் போனோம். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் காலை பத்து, பத்தரைக்கு வரப்பில் ஏறிக் கஞ்சி குடிப்பார்கள். குடித்துவிட்டு வெற்றிலை போடுவதற்குள் ஒரு கால் மணி நேரம் கிடைக்கும். வாய் நிறைய வெற்றிலை வந்த பிறகு மாத்திரையை நீட்டிப் பிரயோஜனமில்லை. மேஸ்திரி அம்மாள் ஒருவர் முதலில் வாயில் போட்டுக்கொண்டால் மொத்தக் கொத்தும் போட்டுக்கொள்ளும். தண்ணீர் அவர்கள் தூக்கிலேயே இருக்கும். இந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பகுதி சுகாதார ஆய்வாளர். மாத்திரையை விட நேரம்தான் முக்கியம் என்பார். சைக்கிளில் போகிறவர், ஊரின் கடிகாரம் முழுக்க அவருக்குத் தெரியும்.

டி.இ.சி.யில் இன்னொரு கஷ்டம் உண்டு. ரத்தத்தில் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இருப்பவருக்கு, மாத்திரை போட்ட அன்று ராத்திரி காய்ச்சலும் தலைவலியும் வரலாம். உள்ளே புழு சாவதால் வருவது. புழு இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆக, யாருக்கு அந்த மாத்திரை உண்மையிலேயே வேண்டியிருந்ததோ அவர்தான் அடுத்த வருஷம் கதவைச் சாத்துவார். அவர் பேச்சைக் கேட்டு அந்தத் தெருவே சாத்தும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் கதையே வேறு. "இன்னிக்கு ராத்திரி உடம்பு சுட்டா பயப்படாதீங்க, உள்ள இருக்கிற பூச்சி சாவுதுன்னு அர்த்தம். இந்தாங்க, காய்ச்சல் மாத்திரை" என்று கையோடு பாராசிட்டமாலும் கொடுத்துவிட்டு வருவோம். ஒரு கிழவி அடுத்த நாள் வழிமறித்து, "எனக்கு ஒண்ணுமே சுடலியே, உன் மாத்திரை பழசா?" என்று சண்டைக்கு வந்தாள்.

பள்ளிக்கூடம் இதைவிட எளிது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிள்ளைகள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், மத்தியானம் சத்துணவு உண்டு, வாத்தியார் சொன்னால் கேட்கிறார்கள். பாதி உண்மை. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் ஆரம்பமானது. ஒரு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்கு உட்பட்டதற்குப் பாதி மாத்திரை. கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலில் தோலைத் துளைத்து ஏறுகிறது, குடலில் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது என்று படம் போட்டுக் காட்டினால் நான்காம் வகுப்பு வரை வாயைப் பிளந்து கேட்கும். எட்டாம் வகுப்பு சிரிக்கும்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் தலைமை ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" சுற்றறிக்கையில் அதற்குப் பதில் இருக்காது. மருந்தின் அளவு, அறிக்கை அனுப்ப வேண்டிய தேதி, போஸ்டர் ஒட்ட வேண்டிய இடம் எல்லாம் இருக்கும். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பது என் கருத்து. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் சாயங்காலம் கேட் முன்னால் வந்து நிற்கிற தகப்பனுக்குப் பதில் சொல்லப் போவது அவர்தான், மாவட்டத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர் இல்லை. நான் என் செல்பேசி எண்ணைக் கரும்பலகையில் எழுதுவேன். கடைசி மணி அடிக்கும் வரை தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சும்மாதான் இருப்பேன், அநேகமாக யாருக்கு அடுத்து ஊசி என்கிற டியூ லிஸ்டை எழுதிக்கொண்டு. அப்படி உட்கார்ந்திருப்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ஆனால் அடுத்த சுற்றில் அந்தப் பள்ளியில் பொறுப்பைப் பற்றிய கேள்வி வராது.

மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம் தட்டுக் கழுவுவதற்கு முன்னால். இதைச் சத்துணவு ஆயா ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். சாப்பிட்டு முடித்துத் தட்டோடு குழாயடிக்குப் போன பிள்ளை அப்படியே மைதானத்துக்கு ஓடிவிடும். பிறகு மணி அடித்தால்தான் கையில் கிடைக்கும், அதற்குள் வகுப்பு ஆரம்பித்து ஆசிரியருக்கு எரிச்சல். தட்டு கையில் இருக்கும்போது பிள்ளை வரிசையில் இருக்கிறது, வயிற்றில் சோறும் முட்டையும் இருக்கிறது. காலையில் சாப்பிடாமல் வந்தது யார், தினம் பாதிச் சோற்றைக் கொட்டுவது யார், யாருக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு என்பதெல்லாம் ஆயாவுக்குத் தெரியும். காய்ச்சலோடு இருக்கிற பிள்ளைக்கு அன்றைக்குக் கொடுக்கக் கூடாது. விடுபட்டவர்களுக்கென்று பின்னால் ஒரு நாள் இருக்கிறது, அன்றைக்குக் கொடுத்துக்கொள்ளலாம். யாருக்குக் காய்ச்சல் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆயா கழுத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். எங்கள் பயிற்சிக் கூட்டங்களுக்கு ஆசிரியர்களை அழைப்போம், அங்கன்வாடிப் பணியாளர்களை அழைப்போம். சத்துணவு ஆயாவை யாரும் அழைத்து நான் பார்த்ததில்லை.

மாத்திரையை மென்று தின்ன வேண்டும். மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்குவதில் ஆறாம் வகுப்புப் பையன்கள் கெட்டிக்காரர்கள். வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று ஒவ்வொருத்தராகப் பார்க்க வேண்டும். சின்னதுகளுக்குத் தூளாக்கித் தண்ணீரில் கலந்து கொடுப்போம். முரண்டு பிடித்து அழுகிற குழந்தைக்கு வாயைப் பிடித்துப் புகட்டக் கூடாது, புரையேறும். அழுகையை அடக்கிப் பத்து நிமிஷம் கழித்துக் கொடுத்தால் ஒன்றும் குடி முழுகாது.

இரும்புச்சத்து மாத்திரையோ வருஷம் முழுக்க நடக்கும் சண்டை. வாராவாரம் வளரிளம் பருவத்தினருக்குக் கொடுக்கும் திட்டம் தேசிய அளவில் 2012இல் வந்தது: அப்போது நூறு மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது சிவப்பு மாத்திரை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிவப்பை வயசுப்பெண்ணின் கையில் பார்த்துவிட்டால் தாய்மார்களுக்கு அடிவயிறு கலங்கும். "புள்ளதாச்சிக்குக் குடுக்குறத எம் பொண்ணுக்கு ஏம்மா குடுக்குறீங்க?" என்று ஒரு அம்மா துணை சுகாதார நிலையத்துக்கே வந்து கேட்டார். பள்ளிகளுக்கு நீல நிற மாத்திரை வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. மருந்து அதே மருந்துதான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு நிறம் எவ்வளவு வேலை செய்யும் என்பது யாரோ புண்ணியவானுக்குப் புரிந்திருக்கிறது.

நீலத்துக்கு வேறொரு குணமும் உண்டு. மேலே சர்க்கரைப் பூச்சு, நனைந்தால் சாயம் கரையும். ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நூற்றுக்கு நூறு என்று மாதாமாதம் அறிக்கை வந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே சுவரோரம் மண் நீலமாக இருந்தது. குனிந்து பார்த்தால் பாதி கரைந்த மாத்திரைகள், சில முழுசாக. பிள்ளைகளைத் திட்டவில்லை. கேட்டபோது காரணம் கடகடவென்று வந்தது: குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, ஏதோ ஆகிவிட்டது என்று பயம். இரும்பு சாப்பிட்டால் கறுப்பாகத்தான் போகும். அதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை, ஏனென்றால் மலத்தைப் பற்றி வகுப்பில் பேச டீச்சருக்குக் கூச்சம். கொடுத்த நேரமும் தப்பு. முதல் பீரியடில், வெறும் வயிற்றில். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மாற்றினோம். வகுப்பு டீச்சர் முதலில் தன் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டார். டீச்சர்களில் பாதிப் பேருக்கும் ரத்தசோகை இருக்கும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். குமட்டல் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அந்த ஜன்னலுக்குக் கீழே அடுத்த மழையில் மண் மண்ணாகவே இருந்தது. அறிக்கையில் மட்டும் எண்ணிக்கை குறைந்தது. விடுபட்டவர்களை இப்போது நிஜமாகவே விடுபட்டவர்களாக எழுதியதால். ரிவியூ மீட்டிங்கில் ஏன் குறைந்தது என்று என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள்.

2017 பிப்ரவரி 6 எங்கள் துறையில் யாருக்கும் மறக்காது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம். ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை, தமிழ்நாடு முழுக்க சுமார் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள், பெரும்பாலும் பள்ளியில் வைத்து. தட்டம்மை ஊருக்குத் தெரிந்த நோய். ரூபெல்லாவை யார் கண்டார்கள்? பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சல், மேலெல்லாம் கொஞ்சம் தடிப்பு, மூன்று நாளில் போய்விடும். கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் வந்தால்தான் விபரீதம்: குழந்தை கண்புரையோடு பிறக்கலாம், காது கேளாமல், இதயத்தில் கோளாறோடு. அதாவது யாரோ ஒரு பெண்ணின் வயிற்றில் நாளை வரப்போகிற பிள்ளைக்காக இன்றைக்கு ஏழாம் வகுப்புப் பையன் கையை நீட்ட வேண்டும். கேட்பவர் தலையைச் சொறிவார்.

முகாம் தொடங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப் தொடங்கிவிட்டது. இது வெளிநாட்டுச் சதி, மலட்டுத்தன்மை வரும், ஒரு பிள்ளை செத்துவிட்டது என்று குரல் பதிவுகள். எந்த ஊர், எந்தப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பயத்துக்குப் பழைய வேர் இருந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு ஊரில் போட்டுக்கொண்டிருந்த ஊசியையெல்லாம் டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பெற்றோர்கள் மறந்திருந்தாலும் செவிலியர்கள் மறக்கவில்லை. புட்டியை உடைத்துக் கலக்கும்போது திறந்த நேரத்தை லேபிளில் எழுதும் கை அதனால்தான் தவறுவதில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் மீதியைக் கொட்ட வேண்டும், பத்து டோஸில் ஏழு மிஞ்சியிருந்தாலும்.

முகாம் அன்று சில பள்ளிகளில் பாதி பெஞ்ச் காலி. முந்தின நாள் வரை சொல்லி அனுப்பியும் எப்படிக் காலியானது? ஒரு மெட்ரிக் பள்ளியில் விசாரித்ததில் விடை வேன் ஓட்டுநரிடம் இருந்தது. காலையில் வீட்டு வாசலில் வேன் நிற்கும்போது அம்மா கேட்கிறாள்: "இன்னிக்கு ஊசியாண்ணே?" அவர் ஆமாம் என்றால் பிள்ளை வீட்டுக்குள்ளே போய்விடும். அவர் செல்பேசியில்தான் அந்தக் குரல் பதிவும் இருந்தது. இருபது வீட்டுக்கு அவர் தினம் போகிறார். நாங்கள் வருஷத்துக்கு இரண்டு முறை போனால் அதிகம். பள்ளி நிர்வாகத்தையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் பார்த்த நாங்கள் இவரைப் பார்க்க நினைக்கவில்லை, திட்டத்திலும் அப்படி யாரும் இல்லை. அடுத்த நாள் வேன்களும் ஆட்டோக்களும் நிற்கிற புளியமரத்தடிக்கு மருத்துவ அலுவலரையே அழைத்துப் போனேன். ஓட்டுநர்கள் கேட்ட கேள்விகள் எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் வராதவை. ஒருவர், "உங்க பிள்ளைக்குப் போட்டீங்களா டாக்டர்?" என்றார். டாக்டர் செல்பேசியில் மகளின் படத்தைக் காட்டினார், இடது கட்டைவிரலில் மை வைத்த படம். வேறு எதையும் விட அந்த மை வேலை செய்தது. தேர்தல் மை போல ஊருக்குப் பழக்கமான அடையாளம்.

முகாமுக்குள்ளே பெரிய பயம் மயக்கம். ஊசியால் வருவதைவிட ஊசியைப் பார்த்து வருவது அதிகம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரிசையிலேயே சரிந்தால் பின்னால் நிற்கிற நான்கு பேருக்குக் கண் இருட்டும், பத்து நிமிஷத்தில் பள்ளியே ஆம்புலன்ஸ் சத்தத்தில் இருக்கும். எல்லோருக்கும் நாடியும் ரத்த அழுத்தமும் ஒழுங்காக இருக்கும், ஆனால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். அதனால் காத்திருக்க ஓர் அறை, ஊசிக்கு ஓர் அறை, அரைமணி நேரம் உட்கார வைக்க மூன்றாவது அறை. போட்டவர் வெளியே வருவதைப் போடாதவர் பார்க்கக் கூடாது. பெரிய வகுப்புப் பெண்களை முதலில் கூப்பிட வேண்டும், காத்திருக்க விடக் கூடாது. சின்னவர்கள் அழுவார்கள், மயங்க மாட்டார்கள். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசி, பிள்ளைகள் கண்ணில் படாமல், கைக்கு எட்டும் இடத்தில். முகாமை மார்ச்சுக்கும் நீட்டினார்கள். பிப்ரவரியில் பிள்ளையைத் திருப்பி அழைத்துப்போன தகப்பன்களில் பலர் மார்ச்சில் அவர்களே கூட்டி வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு மாதம் கவனித்துப் பார்த்துவிட்டு.

டெங்குவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரையாகும். பள்ளியில் பாட்டிலில் கொசுப்புழுவைப் பிடித்து வைத்து, வாயில் வலை கட்டி, ஒரு வாரத்தில் அது கொசுவாவதைக் காட்டுவது எந்தச் சொற்பொழிவையும் விட மேல். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜின் பின்தட்டையும் ஆட்டுக்கல்லையும் சிரட்டையையும் கவிழ்ப்பார்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் கொட்டினால் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அதே பள்ளியின் மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இல்லாததைக் காட்டினால் தலைமை ஆசிரியர் முகம் சுண்டும். ஆனால் வாரம் ஒரு முறை பாத்திரத்தைக் காலி செய்யுங்கள் என்று நாலு நாளைக்கு ஒரு தரம் குழாயில் தண்ணீர் வருகிற தெருவில் போய்ச் சொல்ல எனக்கு என்றும் வாய் கூசும். அங்கே பழைய வேட்டியால் குடத்தின் வாயைக் கட்டச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன். தண்ணீர் ஒழுங்காக விடுவது சுகாதாரத் துறையின் கையில் இல்லை, பழி மட்டும் எங்கள் மேல்.

பள்ளி வாசலிலிருந்து நூறு கஜத்துக்குள் பீடி சிகரெட் விற்கக் கூடாது என்பது 2003 சட்டம். டேப் பிடித்து அளந்தால் கடை நூற்றுப் பத்தாவது கஜத்தில் மறுபடி முளைக்கும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பள்ளியிலேயே இல்லாத பிள்ளைகள் வேறு கணக்கு. குடற்புழு மாத்திரைக்கு அவர்கள் அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. செங்கல் சூளைப் பிள்ளை அங்கன்வாடிக்கு எப்படி வரும்? சூளை ஊருக்கு வெளியே, ஏரிக்கரை தாண்டி. அம்மா அப்பா விடியுமுன் கல் அறுக்கப் போய்விடுவார்கள், பெரியது சின்னதைப் பார்த்துக்கொள்ளும். வெறுங்கால், ஈர மண், ஒதுங்குவதற்கும் அதே மண். கொக்கிப்புழு மாத்திரை யாருக்காவது வேண்டுமென்றால் முதலில் இவர்களுக்கு. நானும் அங்கன்வாடிப் பணியாளரும் சனிக்கிழமை மாலைதான் போவோம். அன்று பட்டுவாடா. மொத்தச் சூளையும் கூலிக்காக ஓரிடத்தில் கூடும், கடையிலிருந்து பிள்ளைகளுக்குப் போண்டாவோ பரோட்டாவோ வந்திருக்கும், வயிற்றில் ஏதாவது இருக்கும்.

முதல் தடவை சூளைக்காரர் உள்ளே விடவில்லை. "பேரெல்லாம் எழுதுவீங்களாம்மா?" என்றார். எத்தனை பிள்ளைகள் அங்கே கல் அடுக்குகிறார்கள் என்று யாராவது எண்ணிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு. வயதும் ஆண் பெண்ணும் போதும், எத்தனை மாத்திரை போனது என்று எனக்குக் கணக்கு வேண்டும் என்றேன். பள்ளியில் சேர்க்க வேண்டிய பிள்ளைகளைப் பற்றிக் கல்வித்துறைக்காரர்களிடம் நான் தனியாகச் சொன்னது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கணக்கப்பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார்கள். கூலியை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாக்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வருவார்கள், பிள்ளை அங்கேயே மென்று, அங்கேயே தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகும். குடற்புழு மாத்திரையின் இன்னொரு சுற்றான ஆகஸ்டில் அந்தச் சூளைக்குப் போனால் ஆள் இருக்காது. மழைக்கு முன்னால் அடுப்பை நிறுத்திவிட்டு எல்லோரும் ஊர் திரும்பியிருப்பார்கள், எந்த ஊர் என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும். பிப்ரவரியில் விட்டால் விட்டதுதான்.